செக் இல்லாத அந்த ஒரு நகர்வு

சதுரங்கத்தில் பிஷப்பைத் தூக்கி ஹெச்7 சிப்பாயின் மேல் அடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. கை தானாகப் போகும். செக். ராஜா எடுக்கிறது. குதிரை ஜி5-க்குப் பாய்ந்து இன்னொரு செக். இதுவரை யாருக்கும் கணக்கு தப்பாது. ஆட்டம் கையை விட்டுப் போவது அதற்கு அடுத்த இடத்தில்: ராஜாவை நேராகத் தாக்கும் செக்குகள் தீர்ந்துபோய், சத்தமில்லாமல் ஒரு காயை நகர்த்திவிட்டு எதிராளியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய இடத்தில். அங்கே அவருக்கு ஒரு நகர்வு இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்து அவர் என்னென்ன செய்ய முடியும் என்று காயைக் கொடுப்பதற்கு முன்பே பார்த்து முடித்தவர் ஆடுவதுதான் பலி. மற்றதெல்லாம் காயை வாரி வழங்குவது.

ராஜா பக்கத் தாக்குதலைப் பற்றிப் பேசும்போது இந்தச் செக் இல்லாத நகர்வைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளை தாக்குகிறது, கறுப்பு குட்டைக் காஸ்லிங் செய்து, அதாவது ஒரே நகர்வில் ராஜாவை ஜி8-க்கும் யானையை எஃப்8-க்கும் கொண்டுபோய், வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டங்களை வழக்கம்போல ஏ முதல் ஹெச் வரை எழுத்தாலும், 1 முதல் 8 வரை எண்ணாலும் குறிக்கிறேன். பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஹெச்7 பலி. 17ஆம் நூற்றாண்டில் கிரேக்கோ என்ற இத்தாலியரின் கையெழுத்துச் சுவடிகளிலேயே இது வந்துவிட்டது. நானூறு ஆண்டுப் பழைய வித்தை, இன்றும் பலிக்கிறது. காய்கள் நிற்க வேண்டிய விதம் இது. வெள்ளைக்கு டி3-இல் பிஷப், எஃப்3-இல் குதிரை, டி1-இல் ராணி, சி1-இல் திறந்த வழியோடு இன்னொரு பிஷப், டி4-இலும் இ5-இலும் சிப்பாய்கள். கறுப்புக்கு ஜி8-இல் ராஜா, எஃப்8-இல் யானை, டி8-இல் ராணி, சி6-இலும் டி7-இலும் குதிரைகள், பி4-இல் பிஷப். டி5, இ6, எஃப்7, ஜி7, ஹெச்7 ஆகிய கட்டங்களில் சிப்பாய்கள். பிரெஞ்சு தற்காப்பு என்ற தொடக்க முறையிலிருந்து அடிக்கடி வரும் அமைப்பு.

இதில் இ5 சிப்பாயின் வேலையைப் பலர் கவனிப்பதில்லை. கறுப்புக் குதிரை எஃப்6-இல் நிற்க முடியாமல் செய்வது அதுதான். எஃப்6 குதிரை என்பது ராஜா பக்கத்தின் காவல்காரன். ஹெச்7-ஐக் காக்கும், ஹெச்5-க்கு ராணி வரவிடாது, ஜி4-ஐயும் பார்த்துக்கொள்ளும். அது அங்கே இருக்கும்வரை ஹெச்7 பலியை மறந்துவிடலாம். அதனால் பலி உண்மையில் தொடங்குவது பிஷப் ஹெச்7-ஐ எடுக்கும்போது அல்ல, இ5 தள்ளிக் குதிரையை விரட்டும்போது.

இனி ஆட்டம். பிஷப் ஹெச்7-ஐ எடுத்து செக், ராஜா எடுக்கிறது, குதிரை ஜி5 செக். ராஜா ஜி8-க்குத் திரும்பினால் ராணி ஹெச்5. இதுதான் செக் இல்லாத நகர்வு. அடுத்து ஹெச்7-இல் மேட், அதாவது ராஜா தப்ப முடியாமல் ஆட்டம் முடியும் செக், என்ற மிரட்டல். கறுப்பு யானையை இ8-க்கு நகர்த்தி ராஜாவுக்கு எஃப்8 வழியைத் திறக்கிறது. இந்த இடத்தில் ஆசையில் உடனே ராணியை ஹெச்7-க்குக் கொண்டுபோய் செக் வைப்பதுதான் பொதுவான தவறு. ராஜா எஃப்8, ராணி ஹெச்8 செக், ராஜா இ7, ராணி ஜி7-ஐ எடுக்கிறது. அவ்வளவுதான், அது மேட் அல்ல, செக்கூட இல்லை. எஃப்7 சிப்பாய் நடுவில் நின்று ராஜாவை மறைக்கிறது. சரியான வரிசை: முதலில் ராணி எஃப்7 சிப்பாயை எடுத்து செக். ராஜா ஹெச்8. ராணி ஹெச்5-க்குத் திரும்பி செக், ராஜா ஜி8, ராணி ஹெச்7 செக், ராஜா எஃப்8, ராணி ஹெச்8 செக், ராஜா இ7, இப்போது ராணி ஜி7-ஐ எடுத்தால் மேட். போய்த் திரும்பி வருவதற்கு இரண்டு நகர்வு அதிகம்தான். ஆனால் இரண்டும் செக் என்பதால் எதிராளிக்கு நேரம் கிடைப்பதில்லை. எஃப்6-ஐயும் டி6-ஐயும் இ5 சிப்பாய் அடைத்துவிட்டதையும் பாருங்கள்.

ராஜா ஹெச்6-க்குப் போனால் கவலையே இல்லை. குதிரை எஃப்7-ஐயோ இ6-ஐயோ எடுத்து விலகும்போது சி1 பிஷப்பின் செக் திறக்கும், குதிரை டி8 ராணியை அடிக்கும். ராணி போயிற்று.

உண்மையான பரீட்சை ஜி6. ராஜா வெட்டவெளியில் நிற்கிறது, ஆனால் நேராகப் போடும் மேட் எதுவும் இல்லை. ஹெச்7 பலி கொடுத்துத் தோற்ற ஆட்டங்களைப் புரட்டினால் நிறைய இங்கேதான் கோட்டை விட்டிருப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது ராணி ஜி4. குதிரை இ6-ஐ எடுத்துத் திறப்புச் செக்கோடு ராணியை அடிக்கும் மிரட்டல். கறுப்பு எஃப்5 தள்ளி ராணியைத் துரத்தும். ராணி ஜி3-க்கு ஒதுங்கினால் அதே மிரட்டல் மீண்டும் நிற்கும். ஹெச்1-இல் யானை இன்னும் இருந்தால் ஹெச்4 தள்ளி, அடுத்து ஹெச்5 செக் என்று மிரட்டும் வழியும் உண்டு. எது சரி என்பது அந்தந்த அமைப்பைப் பொறுத்தது. பிஷப்பைக் கொடுக்கும் முன் கடிகாரத்தில் செலவழிக்க வேண்டிய நேரத்தில் பாதிக்கு மேல் இந்த ஜி6-க்குத்தான். ஜி8-ஐக் கணக்குப் போட்டுவிட்டு “கிடைத்துவிட்டது” என்று அடிப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

எப்போது பலிக்காது? கறுப்பு பிஷப் பி4-க்குப் பதில் இ7-இல் இருந்தால், ஜி5-க்கு வரும் குதிரையை அது தின்றுவிடும். சி1 பிஷப்பால் திரும்ப எடுத்தாலும் ஒரு சிப்பாய்க்கு ஒரு பிஷப் போனதுதான் மிச்சம். விதிவிலக்கு: வெள்ளையின் ஹெச் சிப்பாய் ஹெச்4-இலும் யானை ஹெச்1-இலும் இருந்தால், சிப்பாயால் ஜி5-இல் திரும்ப எடுக்கும்போது ஹெச் ஃபைல் (ஹெச் நெடுவரிசை) திறந்து யானையின் செக் விழும். ராஜா ஜி8, ராணி ஹெச்5, கறுப்பு எஃப்5, வெள்ளை ஜி6. இதுவும் செக் இல்லாத நகர்வுதான்! எஃப்7 வழி அடைபட்டு, ஹெச்8-இல் மேட்டைத் தடுக்க ஆளில்லை.

இன்னொன்று, எஃப்8 யானை ஏற்கெனவே இ8-க்குப் போயிருந்தால் டி7 குதிரை எஃப்8-க்கு வந்து ஹெச்7-ஐக் காக்கும். யானை எஃப்8-இலேயே இருப்பது தாக்குகிறவருக்கு லாபம். அது தன் ராஜாவின் வாசலைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. இ6-இல் சிப்பாய் இல்லாமல் சி8 பிஷப் எஃப்5-க்கு வர முடிந்தாலும் கதை முடிந்தது. ராணி எந்த வழியிலாவது டி3-க்கு வர முடிந்தாலும் அப்படியே. இரண்டும் தூரத்திலிருந்து ஹெச்7-ஐக் காப்பவை. கறுப்புக் காய்களில் பி1–ஹெச்7 மூலைவிட்டத்தை ஒரே தாவலில் தொடக்கூடியது எது என்று ஒருமுறை கண்ணோட்டம் விட்டுக்கொள்ளுங்கள்.

விலைக் கணக்குக்கு வருவோம். சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, யானை 5, ராணி 9 என்று படித்த கணக்கு பலகை முழுவதற்கும் சேர்த்தது. தாக்குதல் நடப்பது ஒன்பது பத்துக் கட்டங்களில். ஏ8-இல் உறங்கும் யானையும் பி7-இல் தன் சிப்பாயின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிஷப்பும் அந்தச் சண்டையில் இல்லை. கேட்க வேண்டியது: பலி போன பிறகு அந்தப் பக்கம் எனக்கு எத்தனை காய், அவருக்கு எத்தனை? பலி கொடுக்கும் காயைத் தாக்குதல் காய்களில் சேர்த்து எண்ணிவிடுவது சகஜமான பிழை. பிஷப்பைக் கொடுத்துவிட்டால் அது போய்விட்டது. ராணியும் ஒரு குதிரையும் மட்டும் மீந்தால், பக்கத்தில் காவலுக்கு ஒரே ஒரு காய் வந்தாலும் போதும், தாக்குதல் அணைந்துவிடும். மூன்றாவது காய் எந்த வழியாக, எத்தனை நகர்வில் வரும் என்பதற்கு விடை கையில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த மூன்றாவது காய் யானை. மூன்றாம் வரிசைக்கு ஏறி, பக்கவாட்டில் நகர்ந்து ஹெச்3-க்கோ ஜி3-க்கோ வருகிற யானை.

இதற்கு 1889-இல் ஆம்ஸ்டர்டாமில் லாஸ்கர் பாவரை வென்ற ஆட்டத்தைவிடத் தெளிவான பாடம் கிடையாது. இரண்டு பிஷப்களையும் கொடுத்த ஆட்டம். லாஸ்கர் குதிரையை ஹெச்5-க்கு அனுப்பினார். அதை எஃப்6 குதிரை எடுத்தது. காவல்காரன் இடம் மாறினான் என்பதுதான் அங்கே முக்கியம். பிஷப் ஹெச்7-ஐ எடுத்து செக், ராஜா எடுக்க, ராணி ஹெச்5-இல் குதிரையை எடுத்து செக், ராஜா ஜி8. இந்த நிலையில் ராணி தனியாக ஒன்றும் செய்ய முடியாது; யானை வந்து சேர்வதற்குள் கறுப்பு எஃப் சிப்பாயைத் தள்ளி மூச்சு விட்டுக்கொள்ளும். அதனால்தான் இரண்டாவது பிஷப் உடனே ஜி7-ஐ எடுத்தது. ராஜா அதையும் எடுக்க, ராணி ஜி4 செக். எஃப்6-க்கு ஓடினால் ராணி ஜி5-இல் மேட், எஃப்4 சிப்பாய் துணை. எனவே ராஜா ஹெச்7. இப்போது செக் இல்லாத நகர்வு: யானை எஃப்3. அடுத்து ஹெச்3.

பாவருக்கு ஒரு நகர்வு இலவசம். அதில் அவர் இ5 தள்ளினார். சி6-இல் இருந்த ராணி ஆறாம் வரிசை வழியாக ஹெச்6-க்கு வந்து குறுக்கே நிற்க வழி பிறந்தது. யானை ஹெச்3 செக், ராணி ஹெச்6, யானை ராணியை எடுக்க, ராஜா யானையை எடுத்தது. இங்கே நிறுத்தி எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்கு ராணியும் ஒரு யானையும்: 14. கறுப்புக்கு இரண்டு யானை, இரண்டு பிஷப்: 16. மேட் வரவில்லை, தாக்குதல் முடிந்துவிட்டது. கணக்கு இங்கே நின்றிருந்தால் லாஸ்கர் கொடுத்ததெல்லாம் வீண். ஆனால் ராணி டி7! பி7-இலும் இ7-இலும் இருக்கும் இரண்டு பிஷப்களையும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. ஒன்று போயே தீரும். ராணி டி7-க்கு வரும் என்பதைக் காணாமல் ஹெச்7-ஐ எடுத்திருந்தால் அந்த ஆட்டம் இவ்வளவு பெயர் வாங்கியிருக்காது. ராஜாவைத் துரத்தும் தாக்குதல்கள் பல, மேட்டில் முடியாமல் இப்படி எங்கோ ஓர் ஓரத்தில் காய் பிடிப்பதில்தான் முடிகின்றன.

1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டாராஷ் நிம்சோவிச்சுக்கு எதிராக இதே இரட்டைப் பிஷப் பலியைக் கறுப்பில் ஆடிக் காட்டினார். அமைப்பு தெரிந்தவருக்கு அது புதுமை அல்ல, நினைவு.

யானையைக் கொடுப்பது வேறு ரகம். 1963-இல் நியூயார்க்கில் ஃபிஷர் பென்கோவை வென்ற ஆட்டத்தில், வெள்ளை ராணி ஹெச்5-இல், பிஷப் டி3-இல், சிப்பாய் இ4-இல். இ5 தள்ளினால் பிஷப்பின் வழி திறந்து ஹெச்7-இல் மேட் மிரட்டல். எல்லோர் கையும் அதற்குத்தான் பரபரக்கும். ஆனால் உடனே இ5 தள்ளினால் கறுப்பு எஃப்5 தள்ளி மூலைவிட்டத்தை மூடிவிடும். மிரட்டல் புஸ்ஸென்று போகும். ஃபிஷர் 19ஆம் நகர்வில் யானையை எஃப்6-இல் கொண்டுபோய் வைத்தார். ஜி7 பிஷப் எடுக்கலாம்தான். ஆனால் எடுத்த பிஷப் எஃப்6-இல் உட்கார்ந்துவிடுவதால் எஃப்7 சிப்பாய் நகரவே முடியாது. அடுத்து இ5, மேட்டைத் தடுக்க வழியில்லை. பலி கொடுத்தது எதையும் பிடிக்க அல்ல, ஒரு சிப்பாயை அதன் இடத்திலேயே ஆணியடித்து நிறுத்த.

பென்கோ யானையைத் தொடாமல் ராஜாவை ஜி8-க்கு நகர்த்தினார், இ5, ஹெச்6. இந்த இடத்தில் டி6 குதிரையை யானையால் எடுத்தால், கறுப்பு ராணி இ5-ஐ எடுத்துப் பிழைத்துக்கொள்ளும். ஃபிஷர் ஆடியது குதிரை சி3-இலிருந்து இ2. பின்னால் ஒரு சாதாரண நகர்வு! அதோடு பென்கோ ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். டி6 குதிரை விலகினால் ராணி எஃப்5-க்கு வந்து முடித்துவிடும். பிஷப் எஃப்6-ஐ எடுத்தால் ராணி ஹெச்6-ஐ எடுக்கும். யானைப் பலியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த இ2 குதிரைக்குத்தான் மாலை போட வேண்டும்.

கறுப்பு ஜி6 தள்ளி பிஷப்பை ஜி7-இல் வைத்திருந்தால் ஹெச்7 பலிக்கு வேலையில்லை. டி3 பிஷப் ஜி6-இல் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே சாவி ஹெச் ஃபைல். சிசிலியன் டிராகன் என்ற தொடக்க முறையில் ஹெச்4, ஹெச்5 என்று தள்ளி அந்தச் சிப்பாயைக் கொடுத்துவிடுவார்கள்; எஃப்6 குதிரை அதை எடுத்ததும் ஜி4 தள்ளித் துரத்தினால் ஃபைல் திறந்தாகிவிட்டது. விலை ஒரே ஒரு சிப்பாய். பிறகு பிஷப்பை ஹெச்6-க்குக் கொண்டுவந்து ஜி7 பிஷப்பை மாற்றிவிட வேண்டும். அது போனால் ராஜாவைச் சுற்றிய கறுப்புக் கட்டங்கள் அனாதை. ஜி4 தள்ள நேரமில்லை என்றால் ஹெச்1 யானையையே ஹெச்5 குதிரைக்கு விலையாகக் கொடுப்பதும் வழக்கம். யானை 5, குதிரை 3, நஷ்டம் 2, ஜி சிப்பாய் ஹெச் ஃபைலுக்கு இழுக்கப்பட்டு அரண் சிதறுகிறது.

ஆனால் டிராகனில் எதிராளியும் சும்மா இருக்க மாட்டார். வெள்ளை ராஜா சி1-இல். கறுப்பு யானை சி ஃபைலில் வந்து, தன்னைப் பலி கொடுத்து சி3 குதிரையை எடுக்கும். 1974-இல் மாஸ்கோவில் கார்போவ் கோர்ச்னாயை வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். ஹெச்5 சிப்பாயைக் கொடுத்து ஃபைலைத் திறந்த கையோடு தாக்குதலைத் தொடராமல், கார்போவ் டி4 குதிரையை இ2-க்கு இறக்கினார். சி3-க்குக் காவல். பிஷப்களை மாற்றி ராணி ஹெச்6-இல் உட்கார்ந்த பிறகும் அடுத்து யானை டி3: மறுபடியும் சி3-க்குக் காவல். கறுப்பின் ஒரே உயிர்நாடியை இரண்டு நிதானமான நகர்வுகளில் நெரித்துவிட்டுத்தான் சிப்பாய் ஜி5, யானை டி5, சிப்பாய் இ5 என்று கதவுகளை உடைத்தார். அந்த இ5-இலும் ஒரு நுணுக்கம். அவசரப்பட்டு குதிரையால் எஃப்6-ஐ எடுத்து, மற்ற குதிரையை ஹெச்5-க்குக் கொண்டுவந்தால், கறுப்பு ராணி ஐந்தாம் வரிசை வழியே ஜி5-இல் செக் வைத்து ராணிகளை மாற்றிவிடும். தாக்குகிறவருக்கு ராணி மாற்றத்தைவிடப் பெரிய துரதிர்ஷ்டம் கிடையாது. இ5 சிப்பாய் அந்த வரிசையை அடைத்தது. 27ஆம் நகர்வில் ஆட்டம் முடிந்தது.

கறுப்பு ஹெச்6 தள்ளியிருந்தால் சி1–ஹெச்6 மூலைவிட்டத்தில் இருக்கும் பிஷப்பால் அதை எடுத்து, ஜி7 சிப்பாய் பதிலுக்கு எடுக்க, ராணி ஹெச்6-இல் உட்காரும் பலி எல்லோருக்கும் பழக்கம். ஒரு காய்க்கு இரண்டு சிப்பாய். கணக்கில் ஒன்றுதான் குறைச்சல் என்பதால் இதைத் துணிந்து ஆடுகிறார்கள். இங்கே ஒரு காப்பீடு உண்டு. ராஜா முன் சிப்பாய்கள் போய்விட்டதால், பல அமைப்புகளில் ராணி ஜி5, ஹெச்6 என்று மாறி மாறி செக் வைத்துக்கொண்டே இருந்து டிரா வாங்கிவிடலாம். அந்தக் காப்பீடு உண்மையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்6 குதிரை ஹெச்7-க்கு வந்து குறுக்கே விழ முடிந்தால் தொடர் செக் அறுந்துவிடும். டிரா கையில் இருந்தால், மூன்றாவது காயைக் கொண்டுவர நிதானமாக வழி தேடலாம்.

எதிராளி தவறும் ஆட்டங்களை மட்டும் பார்த்துப் பழகுவதில் ஓர் ஆபத்து உண்டு. நல்ல தற்காப்பாளர் கிடைத்த காயைக் கட்டிக்கொண்டு அழ மாட்டார். சரியான நேரத்தில் திருப்பிக் கொடுப்பார். ஒரு காய் அதிகமாக வைத்திருப்பவர், அதை இரண்டு சிப்பாய்க்குத் திருப்பிக் கொடுத்து ராணிகளை மாற்றிக்கொண்டால் ஆட்டம் சமம், சிலசமயம் அதற்கும் மேல். அதனால் ஒவ்வொரு செக் இல்லாத நகர்விலும் மூன்று பதில்களைத் தேடுங்கள்: ராணி மாற்றம் கேட்கும் நகர்வு, காயைத் திருப்பிக் கொடுக்கும் நகர்வு, நடுவில் சிப்பாயைத் தள்ளி உடைக்கும் நகர்வு. மூன்றாவதுதான் அதிகம் கண்ணில் படாதது. நடுப்பகுதி திறந்து கிடக்கும்போது ஓரத்தில் காய்களைக் கொடுப்பவரை டி ஃபைலில் இறங்கும் யானை தண்டித்துவிடும்.

2013-இல் விக் ஆன் சீயில் அரோனியன் – ஆனந்த் ஆட்டம் இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணம். ஹெச்7 சிப்பாயைக் குதிரையால் எடுத்தது அரோனியன். ஆனால் அங்கே தாக்குதல் அவருடையது அல்ல. அந்தக் குதிரை ஹெச்7-க்குப் போனதால் தன் ராஜாவின் காவலிலிருந்து ஓர் ஆள் குறைந்தது. ஆனந்த், கறுப்பு, 15ஆம் நகர்வில் பிஷப்பை சி5-இல் சிப்பாயின் வாயில் வைத்தார், அடுத்த நகர்வில் குதிரையை இ5-இல் வைத்தார். யானை எஃப்8-இல் அடிபட்டுக்கொண்டிருந்ததையும் பொருட்படுத்தவில்லை. பி7 பிஷப் ஜி2-ஐயும் மற்ற பிஷப் ஜி1-ஐயும் குறிவைக்க, வெள்ளையின் ஹெச்7 குதிரை எஃப்8 யானையைத் தின்றுவிட்டு ஊருக்கு வெளியே நின்றது. 23 நகர்வில் முடிந்தது. இரண்டு பிஷப்களும் பக்கத்துப் பக்கத்து மூலைவிட்டங்களில் ராஜாவை நோக்கி நிற்கும் இந்த அமைப்பு 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டீன் வென்ற ஆட்டத்தின் உடன்பிறப்பு.

பழகுவதற்கு ஒரு வழி. மேலே சொன்ன ஹெச்7 அமைப்பைப் பலகையில் வைத்து, ராஜா ஜி6-க்குப் போன நிலையிலிருந்து கம்ப்யூட்டரோடு ஆடுங்கள். முதலில் வெள்ளையில் ஐந்து முறை. பிறகு கறுப்பில் ஐந்து முறை; அப்போதுதான் தற்காப்பாளர் எதற்காக ஏங்குகிறார் என்பது தெரியும். பிறகு ஒரு சிப்பாயை மட்டும் இடம் மாற்றுங்கள்: கறுப்பின் ஹெச் சிப்பாய் ஏற்கெனவே ஹெச்6-இல், அல்லது வெள்ளையின் இ சிப்பாய் இ4-இல். யானையை இ8-இல் வைத்தும் ஒருமுறை. எந்த மாற்றத்தில் பலி செத்துப்போகிறது, எதில் தப்பிக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு முன்னிலை என்று கம்ப்யூட்டர் காட்டும் மதிப்பீட்டு எண்ணை மறைத்துவிட்டு ஆட வேண்டும். எண் திரையில் தெரிந்தால் ராணி ஜி4-ஐ நீங்கள் தேட மாட்டீர்கள், எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.